ஏரி நிரம்பும்போது என்ன செய்வது? சென்னைப் புறநகர் ஏரிக்கரைக் குடியிருப்புகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் பால் வாங்கப் போகிற கடையில்கூட ஒரே கேள்விதான்: "செம்பரம்பாக்கம் இன்னைக்கு எத்தனை அடி?" 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. அந்த நவம்பரில் சென்னையில் 1,000 மி.மீ.க்கு மேல் பெய்து ஏரிகள் எல்லாம் தளும்பிக்கொண்டிருந்தன. அதற்கு மேல் டிசம்பர் 1 காலை முதல் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை கொட்டியது. அன்றிரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு சுமார் 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது.

நான் முடிச்சூர் பக்கம் குடியிருப்பவன். அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவே டிவியில் செம்பரம்பாக்கம் நிலவரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் எங்கள் வீட்டுக்குள் வந்த தண்ணீர் அந்த ஏரியுடையது இல்லை. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேருகிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேற்புறம் இருக்கின்றன. எங்களுக்குத் தண்ணீர் வருவது ஆதனூர், மணிமங்கலம் போன்ற ஏரிகள் நிரம்பி வழிவதால். நாங்கள் வேறு ஏதோ ஓர் ஏரியைப் பார்த்துக் காத்திருந்தோம். அதனால் இந்த வழிகாட்டி வீட்டு வாசலிலிருந்து தொடங்கவில்லை, ஏரியிலிருந்து தொடங்குகிறது.

முதல் படி: உங்கள் ஏரி எது, அதன் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள்?

"ஏரிக்கு அருகில் இருக்கிறோம்" என்பது போதாது. ஏரியைச் சுற்றி மூன்று வகையான இடங்கள் உண்டு. மூன்றிலும் தண்ணீர் வருகிற விதமே வேறு.

முதலாவது உள்வாய். ஏரிக்கு ஒரு பக்கம்தான் உயர்ந்த கரை இருக்கும். எதிர்ப்பக்கம் நிலம் மெதுவாக மேடேறும். மழைக்காலத்தில் தண்ணீர் பரவி நிற்கிற அந்தச் சரிவுதான் உள்வாய். பல வருடம் ஏரி நிரம்பாமல் கிடந்தால் அது வெறும் புல்வெளி போலத் தெரியும், மனை போட்டு விற்றும்விடுவார்கள். அங்கே வீடு கட்டியிருந்தால் ஏரி முழுக் கொள்ளளவை எட்டும்போது உங்கள் வாசல் ஏரியின் பகுதியாகிவிடும். தண்ணீர் மெதுவாகத்தான் ஏறும், ஆனால் வாரக்கணக்கில் வடியாது. கலங்கல், அதாவது உபரிநீர் வழிகிற தாழ்ந்த சுவர், அதன் உயரத்துக்குக் கீழே இருக்கிற தண்ணீர் தானாக எங்கும் போகாது.

இரண்டாவது, கரைக்குக் கீழே. முன்பு ஆயக்கட்டு, அதாவது ஏரிப் பாசன வயலாக இருந்த இடம். சாதாரண வருடங்களில் இங்கே நிலத்தடி நீர் ஊறுவதைத் தவிரப் பெரிய தொல்லை இல்லை. கரை உடைந்தால் மட்டும் மற்ற இரண்டையும்விட ஆபத்தான இடம் இதுதான், ஏனென்றால் நிமிடக் கணக்கில் தண்ணீர் வரும்.

மூன்றாவது, உபரிநீர் போகிற வழி. ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழியும். எங்கள் பக்கம் இதை 'ஏரி கோடி போகுது' என்பார்கள், தென் மாவட்டங்களில் 'மறுகால் பாயுது' என்பார்கள். அந்தத் தண்ணீர் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்கோ ஆற்றுக்கோ போகும். செம்பரம்பாக்கம் திறக்கப்படும்போது குன்றத்தூர், சிறுகளத்தூர், காவனூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை என்று ஊர்களின் பெயரை வரிசையாக அறிவிப்பது இதனால்தான். புழல் திறந்தால் நாரவாரிகுப்பம், வடகரை, கிராண்ட்லைன், மணலி, சடையாங்குப்பம் என்று அந்த வரிசை எண்ணூரை நோக்கிப் போகும்.

நீங்கள் எந்த வகை என்று தெரிந்துகொள்ளச் சிறந்த வழி சித்திரை, வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடப்பதுதான். ஏரிக்கரையில் ஏறுங்கள், கலங்கல் எங்கே என்று கேளுங்கள். கல்லாலோ கான்கிரீட்டாலோ கட்டிய தாழ்ந்த சுவர் போல இருக்கும். அதிலிருந்து வெளியேறும் கால்வாயைப் பிடித்துக்கொண்டே நடந்து போங்கள். எங்கே அது குறுகுகிறது, எந்தச் சிறுபாலத்தின் அடியில் குப்பை அடைத்திருக்கிறது, எந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவர் அதன் மேல் ஏறி நிற்கிறது என்று பார்த்து வையுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தெருவுக்குத் திரும்புவது அந்த இடங்களில்தான்.

கூடவே ஆவணமும் பாருங்கள். வருவாய்த் துறையின் இணையதளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கான அ-பதிவேடும் புல வரைபடமும் கிடைக்கும். பக்கத்துச் சர்வே எண்கள் ஏரி, ஓடை, வாய்க்கால் என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கலாம். 2015 டிசம்பரில் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்பதை அங்கேயே பல வருடமாகக் கடை வைத்திருப்பவர் கையால் சுவரில் தொட்டுக் காட்டுவார். எனக்கு அதுதான் எல்லா வரைபடத்தையும்விட உதவியது.

இரண்டாம் படி: எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

செய்தியில் வருகிற ஏரி நிலவரத்தில் நான்கு எண்கள் இருக்கும்: நீர்மட்டம், இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம். பலரும் முதல் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படுகிறார்கள், அல்லது நிம்மதி அடைகிறார்கள். உண்மையில் மூன்றாவதுதான் நேரத்தைச் சொல்லும்.

செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. புழல் 3,300. பூண்டி 3,231. சோழவரம் 1,081. விநாடிக்கு 1,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் 86.4 மில்லியன் கன அடி சேரும். இந்த ஒரு கணக்கை மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

உதாரணமாக, செம்பரம்பாக்கத்தில் இருப்பு 3,200 என்று வைத்துக்கொள்வோம். நிரம்ப இன்னும் 445 வேண்டும். வரத்து 3,000 கன அடி என்றால் நாளுக்கு 259 சேரும், அதாவது சுமார் 41 மணி நேரம். அதே வரத்து 12,000 ஆகிவிட்டால்? சுமார் 10 மணி நேரம். நீர்மட்டம் அதேதான், அவகாசம் மட்டும் நான்கில் ஒரு பங்காகிவிட்டது. இரவு படுக்கும்போது பார்த்த நிலவரத்தை நம்பித் தூங்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கணக்கு ஏரி நிரம்பும் நேரத்தைத்தான் சொல்லும். மதகைத் திறப்பது அதற்கு முன்பே நடக்கும். 2020 நவம்பர் 25 அன்று நிவர் புயலின்போது நீர்மட்டம் 22 அடியை எட்டியதும் செம்பரம்பாக்கத்தை 1,000 கன அடியில் திறந்தார்கள், பிறகு படிப்படியாக உயர்த்தினார்கள். எனவே உங்கள் கணக்கில் 24 அடிக்கான கொள்ளளவுக்குப் பதிலாக 22 அடிக்கான இருப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன ஏரிகளுக்கு இப்படி தினசரி எண்கள் கிடைப்பதில்லை. அங்கே நீங்களேதான் அளக்க வேண்டும். கலங்கல் சுவரின் உச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவே எத்தனை அங்குலம் இருக்கிறது என்று காலையும் மாலையும் போய்ப் பார்த்துத் தெருக் குழுவில் போடச் சொல்லி ஒருவரை நியமியுங்கள். போட்டோவோடு தேதியும் நேரமும் இருக்கட்டும்.

மழை அறிவிப்பில் நிறத்துக்குப் பின்னால் இருக்கும் அளவைப் பாருங்கள். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் கனமழை, 115.6-க்கு மேல் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு செ.மீ. மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர் தண்ணீர். ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியை அதனோடு பெருக்கிப் பார்த்தால் 20 செ.மீ. என்பது என்ன என்று புரியும். அடையாறு, கொசஸ்தலையாறு கரையோரம் இருப்பவர்கள் அமாவாசை, பௌர்ணமியையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் கடல் மட்டம் அதிகம் ஏறுவதால் முகத்துவாரத்தில் ஆறு வடிவது மெதுவாகும்.

மூன்றாம் படி: புரட்டாசிக்குள் வீட்டைத் தயார் செய்யுங்கள்

ஏரி உயரும்போது தண்ணீர் முதலில் வாசல் வழியாக வராது, அடியிலிருந்து வரும். நிலத்தடி நீர் மேலே ஏறி, டைல்ஸ் இடுக்கில் ஊறும், லிஃப்ட் குழியில் தேங்கும். கழிவறையில் 'குளுக் குளுக்' என்று சத்தம் வந்தால் செப்டிக் டேங்க் நிரம்பித் திரும்புகிறது என்று அர்த்தம். இதற்கு ஒரு சுலபமான தற்காப்பு, மண் நிரப்பிய பிளாஸ்டிக் பையைக் கழிவறைக் கோப்பைக்குள்ளும் குளியலறைத் துளைகளின் மேலும் அழுத்தி வைப்பது.

செப்டிக் டேங்கை மழைக்கு முன்பே சுத்தம் செய்யுங்கள். நிலம் முழுக்க நனைந்த பிறகு லாரி கூப்பிட்டுக் காலி செய்யாதீர்கள். வெளியே தண்ணீரும் உள்ளே காற்றும் இருந்தால் தொட்டி மிதந்து எழும்பப் பார்க்கும், குறிப்பாக ஃபைபர் தொட்டி. அதே காரணத்துக்காக நிலத்தடி சம்ப்பையும் மழைக்காலத்தில் நிரப்பியே வையுங்கள், மூடியை இறுக்கமாகப் பூட்டுங்கள்.

மின்சாரம்: மெயின் ஸ்விட்ச், இன்வெர்ட்டர், பேட்டரி மூன்றையும் 2015-இன் நீர்க்குறிக்கு மேலே ஏற்றுங்கள். தரைத்தளத்துக்கும் மாடிக்கும் தனித்தனி சர்க்யூட் பிரித்து வைத்தால் கீழே நிறுத்திவிட்டு மேலே வெளிச்சத்தோடு இருக்கலாம்.

மணல் மூட்டையை முழுதாக நிரப்புவது வழக்கமான தவறு. பாதிக்குச் சற்று மேல் நிரப்பி, வாயை மடித்து அடியில் வைத்து, செங்கல் அடுக்குவது போல மூட்டு மாற்றி அடுக்கி மிதித்துவிட வேண்டும். முழு மூட்டை உருண்டையாக நிற்கும், இடுக்கில் தண்ணீர் போகும். மூட்டைச் சுவருக்கு முன்னால் தார்ப்பாய் விரித்தால் இன்னும் நல்லது.

இப்போது காப்பீடு. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டிய 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டுப் பாலிசியில் வெள்ளமும் அடங்கும். கட்டடத்துக்கு எடுத்த தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை வீட்டுப் பொருள்களுக்கும் தானாகவே பாதுகாப்பு உண்டு. வாகனப் பாலிசியில் எஞ்சின் பாதுகாப்பு தனிச் சேர்க்கை, கேட்டு வாங்க வேண்டும்.

நான்காம் படி: கரையைப் படியுங்கள்

'ஏரி நிறைந்தால் கரை கசியும்' என்ற பழமொழியை நாம் வேறு எதற்கெல்லாமோ சொல்கிறோம். ஆனால் அது மண்கரையைப் பற்றிய நேரடி உண்மை. கசிவு என்றதும் ஓடவும் வேண்டாம், கண்டுகொள்ளாமல் விடவும் வேண்டாம். கசிகிற தண்ணீரைக் கையில் எடுத்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் கரை வழக்கம்போல வியர்க்கிறது, கண்காணித்தால் போதும். கலங்கலாக, மண்ணோடு வந்தால் உள்ளே மண் அரித்துக்கொண்டு போகிறது, ஒரு குழாய் உருவாகிக்கொண்டிருக்கிறது. நேரமாக ஆக அது அகலமாகும். உடனே நீர்வளத்துறைக்கும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கும் சொல்லுங்கள், கரைக்குக் கீழே இருப்பவர்களை எழுப்புங்கள்.

கரையடியில் ஊற்று மாதிரி மண்ணோடு கொப்பளித்தால் அதன் வாயை அடைக்கத்தான் கை போகும். அடைத்தால் அழுத்தம் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். அனுபவமுள்ளவர்கள் அதைச் சுற்றி வட்டமாக மணல் மூட்டை அடுக்கி, உள்ளே தண்ணீர் மட்டத்தை உயரவிடுவார்கள். உயர்ந்த தண்ணீரே எதிர் அழுத்தமாகி மண் வருவதை நிறுத்தும். இதைத் துறையினர் வரும்வரை, ஆள் பலமும் பாதுகாப்பும் இருந்தால் மட்டும் செய்யுங்கள். எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர், கரையின் மேல் நீளவாக்கில் விழுந்த வெடிப்பு ஆகியவற்றையும் கவனியுங்கள்.

கரையை வெட்டிவிடுவது பற்றி ஒரு வார்த்தை. உள்வாயில் இருப்பவர்கள் தங்கள் வீட்டுத் தண்ணீர் வடியட்டும் என்று கரையையோ கலங்கலையோ உடைக்கச் சொல்வது ஒவ்வொரு பெருமழையிலும் நடக்கிறது. அவர்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் மண்கரையில் வெட்டிய ஓரடி வாய்க்கால் ஓரடியோடு நிற்காது. ஓடுகிற தண்ணீரே அதைப் பிளந்துகொண்டு போகும், கீழே தூங்கிக்கொண்டிருப்பவர்கள் அதற்கு விலை கொடுப்பார்கள். மதகும் ஷட்டரும் திறப்பது துறையின் வேலை. அதைக் கேட்டுப் போராடுங்கள், கரையில் கை வைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: எப்போது கிளம்ப வேண்டும்?

இதை மழையில் நின்றுகொண்டு முடிவு செய்யக்கூடாது. வெயில் அடிக்கிற நாளில் குடும்பமாக உட்கார்ந்து, எது நடந்தால் கிளம்புவோம் என்று எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒட்டியிருப்பது இது: கலங்கலுக்கு ஓரடிதான் மிச்சம் என்றால் அம்மாவை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். கோடி போக ஆரம்பித்து, அடுத்த நாளுக்கு மிகக் கனமழை அறிவிப்பும் இருந்தால் வண்டிகளை மேட்டுக்குக் கொண்டுபோய் விடுவோம். தெரு முனையில் கணுக்கால் அளவு ஓட்டம் வந்தால் எல்லோரும் கிளம்புவோம். எந்த நிலையானாலும் இருட்டுவதற்கு முன்பு.

உங்கள் வரிசை வேறு மாதிரி இருக்கலாம். கரைக்குக் கீழே இருப்பவர்கள் கலங்கிய கசிவு என்ற ஒரே காரணத்துக்கே கிளம்ப வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, ஆக்சிஜனில் இருப்பவர் வீட்டில் இருந்தால் முதல் எச்சரிக்கையே அவர்களுக்குக் கடைசி எச்சரிக்கை. மாடு வைத்திருப்பவர்கள் அதை அவிழ்த்து மேட்டில் கட்டிவிட்டு வாருங்கள். கயிற்றோடு தண்ணீரில் விட்டுவிடாதீர்கள்.

'மாடிக்குப் போய்விட்டால் ஆயிற்று' என்று 2015-இல் நாங்களும் நினைத்தோம். மாடியில் உயிர் பிழைத்தோம், ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை, மாத்திரை கீழ்த்தளத்து அலமாரியில். மாடியில் தங்குவது என்று முடிவெடுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டராவது தண்ணீர், மூன்று நாள் உணவு, மருந்து, டார்ச், கயிறு, பவர் பேங்க் எல்லாவற்றையும் முந்தைய நாளே ஏற்றிவிடுங்கள். முக்கியமான எண்களைக் காகிதத்தில் எழுதுங்கள்: மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, சென்னை மாநகராட்சி 1913, ஆம்புலன்ஸ் 108, மின்சாரப் புகாருக்கு 94987 94987. பத்திரம், ஆதார், சான்றிதழ்கள், பாலிசி ஆகியவற்றின் நகல் டிஜிலாக்கரில் இருக்கட்டும், அசல் கனமான பிளாஸ்டிக் உறையில் உங்களோடு வரட்டும்.

கிளம்பும்போது மெயினை அணையுங்கள், சிலிண்டரை மூடுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு ஸ்விட்சைத் தொடாதீர்கள். அந்த நிலை வந்துவிட்டால் அதை விட்டுவிட்டு, மின்வாரியத்துக்குச் சொல்லித் தெரு இணைப்பையே நிறுத்தச் சொல்லுங்கள். ஓடுகிற தண்ணீர் அரையடி இருந்தாலே ஆளைத் தடுமாற வைக்கும், இரண்டடி இருந்தால் பெரும்பாலான கார்களைத் தூக்கிக்கொண்டு போகும். நடந்தே ஆகவேண்டும் என்றால் தெருவின் நடுவில், கையில் நீளமான கம்போடு, ஒவ்வொரு அடியையும் குத்திப் பார்த்து நடங்கள். மூடி திறந்த மழைநீர் வடிகால் கண்ணுக்குத் தெரியாது.

ஆறாம் படி: திரும்பி வந்த பிறகு

முதலில் போட்டோ. சேற்றைத் துடைப்பதற்கு முன்பு ஒவ்வோர் அறையையும், சுவரில் நீர்க்குறியையும், பொருள்களின் வரிசை எண்ணையும் எடுத்துவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள், மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை கெட்ட பொருள்களைத் தூக்கிப் போடாதீர்கள். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே வேண்டாம். எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் உள்ளே இருக்கிற கனெக்டிங் ராட் வளைந்துவிடும், காப்பீட்டிலும் சிக்கல் வரும். கட்டி இழுத்துக் கொண்டுபோங்கள்.

சேறு ஈரமாக இருக்கும்போதே தள்ளிவிடுங்கள், காய்ந்தால் சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். வெளியே நிலத்தடி நீர் இறங்காதபோது தரைக்குக் கீழே உள்ள பார்க்கிங்கையோ சம்ப்பையோ ஒரேயடியாக இறைத்துக் காலி செய்யாதீர்கள். வெளி அழுத்தத்தில் தளமோ சுவரோ வெடிக்கக்கூடும். நாளுக்குக் கொஞ்சமாக இறையுங்கள். சுவர் முழுக்கக் காயாமல் பெயிண்ட் அடித்தால் ஆறு மாதத்தில் உரிந்துவிடும். வயரிங்கை எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்ன பிறகுதான் மெயினைப் போட வேண்டும்.

சம்ப்பைக் கழுவி, குளோரின் போட்டுச் சுத்தப்படுத்தும்வரை குடிநீருக்கு வேறு வழி பாருங்கள், நன்றாகக் கொதித்த தண்ணீரையே குடியுங்கள். வெறுங்காலோடு சேற்றில் இறங்காதீர்கள். காலில் சின்ன வெட்டு இருந்தாலும் எலிக்காய்ச்சல் அதன் வழியாக வரும். வெள்ளம் வடிந்த அடுத்த சில வாரங்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், 'வெள்ளத்தில் நடந்தேன்' என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். சிகிச்சையின் திசையே அந்த ஒரு வாக்கியத்தில் மாறும். அலமாரி, ஷூ, சுருட்டி வைத்த பாய் ஆகியவற்றில் பாம்பு இருக்கலாம். அடிக்கப் போகாமல் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

நிவாரணம் ரேஷன் அட்டை அடிப்படையில் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் அட்டையில் பழைய முகவரி இருந்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

கடைசியாகச் செய்ய வேண்டியது, நீர்க்குறியைத் துடைத்து மறைக்காமல் காம்பவுண்டுச் சுவரில் ஒரு கோடு போட்டு, தேதியை எழுதுவது. எங்கள் தெருவில் இப்போது மூன்று கோடுகள் இருக்கின்றன. போன மாதம் புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம் அதைப் பார்த்துவிட்டு, இன்வெர்ட்டரை எந்த உயரத்தில் மாட்டலாம் என்று கேட்டு வந்தார்கள். டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்து கொடுத்தேன்.